ஆரியபாலவின் ஒரு வருடத் தானம்

பொய் சொல்வதில் சுஜீவாவுக்குச் சாமர்த்தியம் போதாது. அலுவலகத்தில் ஒரு நாள் லீவு கேட்பதென்றால்கூட முதல் நாளே முகம் கறுத்துவிடும். அப்படிப்பட்டவள் பெற்ற தாயிடம் எட்டு மாதமாக ஒரே பொய்யைச் சொல்லி வந்தாள் என்றால், அது அவளுடைய கெட்டித்தனம் அல்ல. கேட்டவளுக்கு அதை நம்பவேண்டியிருந்தது, அதனால் பொய் நின்றுபிடித்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கம்புறுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி அக்குரஸ்ஸவுக்குப் போவாள். ஆற்றங்கரையில் யாரோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பழைய வீட்டில் நடந்த முதியோர் இல்லம் அது. பன்னிரண்டு கிழவிகள், ஒரு மேட்ரன், சமையலுக்கும் துப்புரவுக்கும் இரண்டு பெண்கள். முன் விறாந்தையில் அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பப்பாசிப்பழத்தைக் கீறிக் கொடுத்து, ஊர்க் கதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு அம்மா கேட்பாள்.

"எப்ப மகள் என்னை வீட்ட கூட்டிக்கொண்டு போறாய்?"

"அப்பாவின்ட ஒரு வருசத் தானம் வருதுதானே அம்மா. அதோட வீட்ட போகலாம்."

"என்ட அறை?"

"அப்பிடியே கிடக்கு."

இரண்டுமே பொய். அறையில் இப்போது சுஜீவாவின் மகன் கவிந்துவும் அவன் மனைவியும் மூன்று மாதக் குழந்தையும் இருந்தார்கள். வீட்டில் குளியலறை ஒட்டியிருந்த ஒரே அறை அதுதான். பிள்ளை பெற்றவளை இரவில் முற்றத்தைத் தாண்டி நடக்க விடமுடியுமா? கட்டிலைக் கழற்றித் தேயிலைக் கொழுந்து போடும் கொட்டிலில் சாத்தி வைத்தாயிற்று. வீட்டுக்குக் கூட்டிப் போவது என்ற பேச்சோ அதைவிடப் பெரிய பொய்.

அப்பா ஆரியபால போன வருடம் ஜூலை மாதம் போய்ச் சேர்ந்தார். அவர் போய் மூன்றாவது மாதம் அம்மா பியசீலி குளியலறையில் விழுந்தாள். காலை பத்து மணிக்கு விழுந்தவள் பிற்பகல் இரண்டு மணிவரை ஈரத்தரையிலேயே கிடந்தாள். சுஜீவா அலுவலகத்தில், அவள் கணவன் நிமல் தேயிலைத் தோட்டத்தில். இடுப்பு எலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு முதுகில் படுக்கைப் புண் வந்தது. சுஜீவா லீவு போட்டாள், சம்பளமில்லாத லீவு போட்டாள், ஆள் வைத்துப் பார்த்தாள். வந்த ஆள் பத்து நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். கடைசியில் அக்குரஸ்ஸ.

அங்கே போய் மூன்று மாதத்தில் புண் ஆறியது. ஐந்தாவது மாதம் அம்மா நாலுகால் தடியைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்தாள். விரல் நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. வீட்டிலிருந்த காலத்தில் அம்மாவுக்கு நகம் வளரும் என்ற நினைப்பே சுஜீவாவுக்கு வந்ததில்லை. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாளா என்றால், பட்டாள். வயிறும் எரிந்தது.

இறந்தவர் பெயரில் பிறருக்குச் சோறு கொடுக்கும் அந்தத் தானம் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவைத் தானத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வரலாம். திரும்ப யார் கொண்டுபோய் விடுவது? வாசல்படியில் நின்று "போகமாட்டன்" என்று அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கையை யார் பிரிப்பது? அந்த நேரத்தில்தான் இத்தாலியில் இருக்கும் தம்பி பந்துல போனில் வழி சொன்னான். தூரத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் ஒரு வழி தெரியும்.

"அக்கா, தானத்தை அந்த இல்லத்திலேயே குடு. வயசான ஆக்களுக்குக் குடுத்த மாதிரியும் ஆச்சு, அம்மாவும் அங்கதான் இருக்கிறா. ரெண்டு புண்ணியம்."

சுஜீவா உடனே பிடித்துக்கொண்டாள். புண்ணியம் என்று பெயர் வைத்துவிட்டால் பயம்கூடப் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். மேட்ரனிடம் நாள் கேட்டாள். தானத்துக்கு நாள் கிடைப்பது அங்கே இலேசில்லை. ஆறு மாதம் முன்னாலேயே பதிந்து வைப்பார்கள். காலி நகரத்தில் ஒரு குடும்பம் நாளை மாற்றிக்கொண்டதால் அந்த வியாழக்கிழமை தற்செயலாகக் கிடைத்தது.

"அம்மாவுக்கு நீங்களே சொல்லிப்போடுங்கோ மிஸ்" என்றாள் மேட்ரன் சந்திரா.

"ஓம், நான் சொல்லுறன்."

அடுத்த ஞாயிறு சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறு தலைவலி என்று போகவே இல்லை. வியாழக்கிழமை வந்துவிட்டது.

நிமல் ஓட்டிய வானில் சோற்றுப் பானையும் கறிச் சட்டிகளும் அடுக்கி, நடுவில் தயிர்ச் சட்டிகளைக் காலால் அணைத்துக்கொண்டு சுஜீவா உட்கார்ந்திருந்தாள். பிஞ்சுப் பலாக்காயில் வைத்த பொலஸ் கறி, பருப்பு, கத்தரிக்காய், கொறுக்காப்புளி போட்ட மீன். எல்லாம் விடிய மூன்று மணிக்கு எழுந்து அவளும் மருமகளுமாகச் சமைத்தது. நிமல் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"மாமிக்குச் சொல்லிப்போட்டாய்தானே?"

அவள் தயிர்ச் சட்டியின் கடதாசியை இழுத்துச் சரிசெய்தாள். நிமல் அதற்குமேல் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவனுக்கு அந்தக் கடதாசி சரியாகத்தான் இருந்தது என்று தெரியாதா?

வாசல் படலையடியிலேயே மேட்ரன் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மிஸ் வேலை பாத்தனீங்கள்? சொல்லுறன் எண்டு சொன்னனீங்கள்தானே?"

"என்ன நடந்தது?"

"என்ன நடக்கவேணும்? விடிய நாலு மணிக்கு எழும்பி, சுடுதண்ணி வைச்சுத் தா எண்டு கேட்டுக் குளிச்சவ. வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு ஆறு மணியிலயிருந்து விறாந்தையில இருக்கிறா. இண்டைக்குத்தான் வருசமெண்டு அவவுக்குத் தெரியாதோ? வான் வரும், வீட்ட போய்த் தானம் குடுக்கப்போறன் எண்டு ஒவ்வொரு கட்டிலாப் போய்ச் சொல்லிப்போட்டா. எனக்கென்ன தெரியும்? நீங்கள் சொல்லியிருப்பீங்கள், வயசுக்கு மறந்திட்டா எண்டு நினைச்சன். ஒம்பதரைக்குப் பலகையில எழுதினன்."

பலகை என்பது சாப்பாட்டு மண்டபத்து வாசலில் தொங்கும் கரும்பலகை. அன்றன்று தானம் கொடுக்கும் வீட்டாரின் பெயரை மேட்ரன் அதில் எழுதுவாள். வார்த்தைகளைப் போனில் சொன்னது சுஜீவாதான். 'இன்றைய மதியத் தானம்: காலஞ்சென்ற கே. ஆரியபால அவர்களின் நினைவாக, அன்பு மனைவியும் பிள்ளைகளும்.'

"பக்கத்துக் கட்டில் ரோசலின் அக்காதான் சத்தமா வாசிச்சவ" என்றாள் மேட்ரன். "அவவின்ட வாய் உங்களுக்குத் தெரியும்தானே. 'பியசீலி, அன்பு மனைவி எண்டு கிடக்கு. நீ குடுக்கிற தானம் உனக்கே தெரியாதோ?' எண்டு கேட்டுப்போட்டா. அதுக்குப் பிறகு உங்கட அம்மா வாயே திறக்கேல்லை."

சுஜீவா விறாந்தைக்குப் போனாள். அம்மா அதே கதிரையில், வெள்ளைச் சீலையில், தலைமுடியை இழுத்து முடிந்து, கைகள் இரண்டையும் மடியில் வைத்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுஜீவா குனிந்து காலைத் தொட்டாள். அம்மாவின் கை தலைக்கு வரவில்லை.

"அம்மா, நான் சொல்லத்தான் இருந்தனான்."

"வான் சத்தம் கேட்டது."

"இங்க குடுத்தா உங்களுக்கும் அலைச்சல் இல்லை எண்டு…"

"அலைச்சல் எனக்கோ, உனக்கோ?"

அம்மா வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுஜீவாவுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"நாப்பத்தாறு வருசம் அந்த மனிசனோட இருந்தனான். அவரின்ட தாய்க்கு, தகப்பனுக்கு, தமையனுக்கு, எல்லாருக்கும் இந்தக் கையாலதான் தானம் குடுத்தது. அவருக்குக் குடுக்கிற அண்டைக்கு என்னைக் கொண்டுவந்து வாங்குற வரிசையில இருத்திப்போட்டாய்."

அப்போதுதான் சுஜீவாவுக்குத் தான் செய்த காரியம் முழுதாக விளங்கியது. கொடுத்தவர் கையிலிருந்துதான் புண்ணியம் இறந்தவருக்குப் போகிறது. வாங்குபவருக்கு வயிறு நிறையும், அவ்வளவுதான். புருஷனுக்குப் பெண்சாதி செய்யவேண்டிய கடைசிக் கடமையை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்தக் கையில் ஒரு வெறும் தட்டைக் கொடுத்திருக்கிறாள். ரெண்டு புண்ணியமாம். சுஜீவாவுக்குத் தம்பி மேல் வந்த கோபம், பாதி வழியில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

மணி பதினொன்றரைக்கு மண்டபத்தில் மணி அடித்தது. கிழவிகள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் போட்ட நீள மேசைகளில் தங்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். அம்மாவும் தடியை ஊன்றி வந்தாள். சுஜீவா கைகொடுக்கப் போனதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசியிலிருந்து மூன்றாவது கதிரை அவளுடையது. பக்கத்தில் ரோசலின், எண்பத்து நாலு வயது, அந்தக் காலத்தில் தெனியாயப் பக்கம் பாதிப் பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்ட மருத்துவிச்சி.

புத்தர் படத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படைத்தார்கள். ரோசலின் குரலெடுத்துச் சொல்ல, எல்லோரும் பஞ்சசீலம் சொன்னார்கள். பந்துல போனுக்குள்ளே இத்தாலியில் நின்று கைகூப்பினான். போனை நிமல் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு சுஜீவா சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு வரிசையின் தலைப்பிலிருந்து பரிமாறத் தொடங்கினாள். எல்லோருக்கும் வைத்து முடியாமல் யாரும் கைவைப்பதில்லை என்பது அங்கே வழக்கம்.

அம்மாவின் தட்டுக்கு வந்தபோது அம்மா தட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"வேண்டாம்."

"அம்மா, கொஞ்சம்."

"ஆரியபாலவின்ட தானத்தில நான் தட்டு நீட்டமாட்டன்."

போனுக்குள்ளிருந்து பந்துல, "அம்மா, சாப்பிடுங்கோ அம்மா, ஆக்கள் பாக்கினம்" என்றான். நிமல் போனைத் திருப்பிச் சட்டைப் பைக்குள் போட்டான். அன்றைக்கு அவன் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

சுஜீவா கரண்டியும் கையுமாக நின்றாள். சோற்றின் ஆவி முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. ஒன்பது பேர் முன்னால் சோறு ஆறிக்கொண்டிருக்க, தன் தாய் பட்டினியாக இருப்பாள் என்பதும், அவளை அப்படி உட்கார வைத்தது தான்தான் என்பதும் ஒரே நேரத்தில் அவளுக்கு உறைத்தன. இந்தத் தானம் பாழாகிவிட்டது என்று நினைத்தாள். அப்பாவுக்குப் போய்ச் சேரவேண்டியது ஒன்றும் போகப்போவதில்லை.

ரோசலின்தான் பொறுமையிழந்தாள்.

"இஞ்ச பாருங்கோ, எனக்குச் சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டு இருவது நிமிசம் ஆச்சு. இன்னும் பத்து நிமிசத்தில நான் சரிஞ்சு விழுந்தா, உங்கட ஆரியபாலவுக்குத் துணையா நானும் போகவேண்டியதுதான். பியசீலி, வாங்க மாட்டாய் எண்டா குடன். எழும்பிக் குடு. உன்ட தானம்தானே? பலகையில எழுதிக் கிடக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுஜீவா அம்மாவைப் பார்த்தாள். பிறகு கரண்டியின் பிடியை அம்மாவின் பக்கமாகத் திருப்பி இரண்டு கையாலும் நீட்டினாள்.

அம்மா அதை உடனே வாங்கிவிடவில்லை. மகளின் முகத்தை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தாள். பிறகு தடியைப் பிடித்து எழுந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டு முதல்ல இருந்து தொடங்கு" என்றாள். "உன்ட கையால வைச்ச சோத்தையெல்லாம் திருப்பிப் பானையில போடு."

"அம்மா, ரோசலின் அக்காவின்ட ஊசி…"

"அவவுக்கு முதல் வைக்கிறன். அவ சாகமாட்டா, இன்னும் நாலு பேரைச் சாகடிச்சுப்போட்டுத்தான் போவா."

"அது" என்றாள் ரோசலின், திருப்தியோடு.

சுஜீவா ஒவ்வொரு தட்டாகச் சோற்றைத் திரும்ப எடுத்தாள். அப்படி ஒரு தானத்தை அந்த மண்டபம் கண்டிருக்காது. பிறகு அம்மா இடக்கையால் தடியை ஊன்றி, வலக்கையில் கரண்டியோடு, ரோசலினிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதிரையாகப் போனாள். சுஜீவா பானையையும் நிமல் கறிச் சட்டிகளையும் சுமந்துகொண்டு பின்னால் போனார்கள். பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் வைக்கும்போது அம்மா ஏதோ சொன்னாள். "சோமா, உனக்குக் குழைவாச் சோறு." "இவவுக்குப் பருப்பு ஆகாது, வயித்தால போகும்." "முள்ளுப் பாத்துத் தின்னு." யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளும், யாருக்குப் பல் எந்தப் பக்கம் இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சுஜீவாவுக்கு அங்கே ஒருவரின் முழுப்பெயர்கூடத் தெரியாது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மேட்ரன் தட்டில் வைத்த ஒரு கிண்ணத்தையும் செம்பில் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தாள். அம்மா செம்பைப் பிடித்தாள். சுஜீவா அம்மாவின் கையைத் தொட்டுக்கொண்டாள். நிமல் சுஜீவாவின் கையைத் தொட்டுக்கொண்டான். அந்த மெல்லிய கையிலிருந்து தண்ணீர் இறங்கிக் கிண்ணம் நிரம்பி, தட்டில் வழிந்தது. இந்தப் புண்ணியம் ஆரியபாலவைச் சேரட்டும் என்று கிழவிகள் ஒரே குரலில் சொன்னார்கள். அம்மா செம்பை நிமிர்த்தவில்லை. கடைசிச் சொட்டு விழும்வரை சாய்த்தே வைத்திருந்தாள். சுஜீவா வாய்விட்டு அழுதாள். ஒருத்தரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த மண்டபத்தில் தானம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அழுவதுண்டு.

கொடுத்த வீட்டார் கடைசியில்தான் சாப்பிடவேண்டும். குசினியில் ஒரு சின்ன மேசையைச் சுற்றி அம்மாவும் சுஜீவாவும் நிமலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

"மீனுக்குக் கொறுக்காப்புளி காணாது."

"மூண்டு துண்டு போட்டனான் அம்மா."

"அஞ்சு போடவேணும். அந்த மனிசன் இதை வாயில வைச்சிருந்தா, ஆஸ்பத்திரிச் சாப்பாடோ எண்டு கேட்டிருப்பார்."

நிமல் சிரித்துப் புரைக்கேறினான். அம்மா அவன் தலையில் தட்டினாள். வீட்டில் சாப்பிடுவது மாதிரியே இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சுஜீவா நினைத்தாள். தயிரைக் கித்துள் மரத்து இனிப்புப் பாணியோடு அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தபோது, தான் மன்னிக்கப்பட்டுவிட்டதாகவே நினைத்தாள். மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் தங்களை மன்னித்துக்கொள்கிறார்கள்!

சட்டி பானைகளைக் கழுவி முடித்துக் கை துடைத்துக்கொண்டு அவள் முன்பக்கம் வந்தபோது, அம்மா வானுக்குள் இருந்தாள்.

முன் ஆசனத்தில், பட்டி போட்டுக்கொண்டு. மடியில் ஒரு நீலத் துணிப்பை, வாய்வரை நிறைந்து, சிப் இழுத்து மூடியிருந்தது. நிமல் வானுக்கு அந்தப் பக்கம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஏத்திவிடு எண்டு மாமி சொல்லிப்போட்டா. நான் என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது?" என்று முணுமுணுத்தான்.

மேட்ரன் விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்றாள். அவள் கிட்ட வரவில்லை. அது அவளுடைய வேலை இல்லை என்பது அவளுக்கும் தெரியும், சுஜீவாவுக்கும் தெரியும்.

"தானம் முடிஞ்சுதுதானே மகள்" என்றாள் அம்மா. "குடுத்த ஆக்கள் எல்லாரும் வீட்ட போறதுதானே?"

சுஜீவா வானின் கதவைப் பிடித்துக்கொண்டாள். இப்போதும் ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அடுத்த கிழமை, வான் வாடகைக்கு வேறு ஆள் கேட்டிருக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல். ஏதாவது ஒன்று. அம்மா நம்பியும் இருப்பாள். ஆனால் சற்று முன்னால் அந்தக் கையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் வார்த்திருந்தாள். அதே கையைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"அம்மா, உங்கட அறையில கவிந்துவும் மனிசியும் பிள்ளையும் இருக்கினம். கட்டிலைக் கழட்டிக் கொட்டில்ல வைச்சிட்டம். மூண்டு மாசமாச்சு. அறை அப்பிடியே கிடக்கு எண்டு நான் சொன்னது பொய்."

"தெரியும்."

"என்ன?"

"போன மாசம் பந்துல போன்ல பிள்ளையின்ட படம் காட்டினவன். பிள்ளைக்குப் பின்னால என்ட யன்னல். எனக்கு என்ட யன்னல் தெரியாதோ?"

"தெரிஞ்சும் ஏன் அம்மா ஒவ்வொரு கிழமையும் கேட்டனீங்கள்?"

"நான் அறையிலயோ ஆசைப்பட்டனான்? என்னைக் கூட்டிக்கொண்டு போறியோ எண்டுதான் கேட்டனான். குசினிக்குப் பக்கத்தில ஒரு பாய் போட்டாக் காணும் எனக்கு."

பாயிலிருந்து அம்மாவால் எழும்ப முடியாது. விடியவே நிமல் கொழுந்துக்குப் போய்விடுவான், கவிந்து வேலைக்கு, மருமகள் கைக்குழந்தையோடு. சுஜீவா எட்டு மாதமாக இரவும் பகலும் போட்டுப் பார்த்த அதே கணக்கு. எந்தப் பக்கம் கூட்டினாலும் பத்து மணிக்கு வீட்டில் அம்மாவைத் தூக்க ஆள் இல்லை.

"இல்லை அம்மா" என்றாள். "கூட்டிக்கொண்டு போக என்னால ஏலாது. இண்டைக்கும் ஏலாது, இனியும் ஏலாது. அண்டைக்கு நான் அந்தக் குளியலறைக் கதவைத் திறந்தபோது நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டுதான் நினைச்சனான். உங்கட வாய் நீலமாக் கிடந்தது. இன்னொருக்கா அந்தக் கதவைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை."

அம்மா முன் கண்ணாடி வழியே வீதியைப் பார்த்தாள். ஒரு லொறி போனது. இரண்டு பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். நிமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதை முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அழுதிருப்பீங்கள்."

"ஓம்" என்றாள் அம்மா. "எட்டு மாசத்துக்கு முன்னமே அழுது முடிச்சிருப்பன்."

பட்டியைக் கழற்றினாள். நிமல் ஓடிவந்து கை நீட்டினான்.

"நீ விடு மகன். சந்திராவைக் கூப்பிடு. அவளுக்குத்தான் எந்தப் பக்கம் பிடிக்கவேணும் எண்டு தெரியும்."

மேட்ரன் வந்தாள். ஒரு கையை அக்குளுக்கடியிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து, "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணி, ஒரே தூக்கில் அம்மாவை நிலத்தில் நிறுத்தினாள். தடியைக் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் அளவெடுத்தது போல ஒரே எட்டாக வைத்து உள்ளே போனார்கள். சுஜீவா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

ஆறு கட்டில்கள் போட்ட அறை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சுஜீவா தலைமாட்டிலிருந்த சின்ன அலுமாரியைத் திறந்து, பையிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினாள். எட்டு மாதத்தில் ஒரு நாளும் அவள் அந்த அலுமாரியைத் திறந்து பார்த்ததில்லை.

"சீலை மேல் தட்டில இல்லை, கீழ்த் தட்டில" என்றாள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ரோசலின். "மேல் தட்டுக்கு அவவின்ட கை எட்டாது."

சுஜீவா மாற்றி வைத்தாள்.

"மருந்துப் பெட்டி வலப்பக்கம். சீப்பு அந்தப் பேணிக்குள்ள. துவாயைக் கட்டில் கம்பியில போடு, காயட்டும்."

அவள் சொல்லச் சொல்ல சுஜீவா வைத்தாள். ரோசலினின் குரலில் அன்றைக்குக் கிண்டல் இல்லை. உள்பாவாடை, போர்வை, சோப்புப் பெட்டி, அப்பாவின் படம், பாதி தேய்ந்த ரப்பர்ச் செருப்பு. எல்லாம் இடம் பிடித்துக்கொண்டன. அம்மா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெறும் பையைச் சுஜீவா மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்கக் குனிந்தாள்.

"அதை இஞ்ச வைக்காதே" என்றாள் அம்மா. "வீட்ட கொண்டு போ. எனக்கு இனி அது தேவையில்லை."

சுஜீவா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கட்டிலடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் கை வந்து அவள் தலையில் இருந்தது. அழுதது சுஜீவாதான். அம்மா அழவில்லை.